நாடகக் காதல் என்னும் அவதூறு

2009 ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரவுனின் ஆலோசகர் டேமியன் மெக்பிரைட், எதிர்க்கட்சித் தலைவர்களின் சொந்த வாழ்க்கை பற்றிக் கதை கட்டிவிட மின்னஞ்சலில் திட்டம் போட்டார். பால் ஸ்டெயின்ஸ் என்ற வலைப்பதிவர் அம்பலப்படுத்தினார். மெக்பிரைடின் பதவி போனது.

இங்கே? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைக் கொளுத்தினார்கள், சூறையாடினார்கள். அந்தச் சாம்பல் ஆறும் முன்பே, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். அதற்கு 'நாடகக் காதல்' என்று பெயர் வேறு. 2013 ஏப்ரலில், நம் புதுச்சேரிக்குப் பக்கத்து மரக்காணத்திலும் தலித் வீடுகள் எரிந்தன. பேசியவர்களுக்கு என்ன நட்டம்? 2014இல் பா.ஜ.க. கூட்டணியில் தருமபுரித் தொகுதியையே வென்றார்கள்.

இதையெல்லாம் அறிந்த நம் தோழர்களே எதிர்க்கட்சிக்காரரின் படுக்கையறைக் கதைகளை வாட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுகிறார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நம் வீட்டை எரித்த அதே தீப்பெட்டிதானே அது?

நம்மிடம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நம் மக்கள்மீது பகையை மூட்டும் பேச்சும் எழுத்தும் பிரிவு 3(1)(யு)படி குற்றம். அப்படியொரு குரல்பதிவு வந்தால் அழிக்காதீர்கள். தேதியையும் அனுப்பிய எண்ணையும் குறித்து, காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.