ஊர்க் கட்டுப்பாடும் நம் கடையும்

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் தர முடியாது என்று பெட்டிக்கடைக்காரர் ஒருவர் சொன்ன வீடியோ எங்கும் பரவியது. அவர் கைதானார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

வணிகர்களாகிய நாம் இதை யாரோ ஒருவரின் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஒரு சமூகத்தை ஒதுக்கி வைக்க ஊர் நினைத்தால், அதற்கு முதலில் தேவைப்படுவது கடைக்காரரின் ஒத்துழைப்புதான். அரிசியும் பருப்பும் மறுக்கப்பட்டால்தான் கட்டுப்பாடு பலிக்கும். அதை முறிக்கும் சக்தியும் நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒதுக்கி வைப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். 'ஊர் சொன்னது' என்ற சாக்கு அங்கே செல்லாது.

ஆனால் சிறு கடைக்காரரின் பயமும் உண்மையானது. ஊரை எதிர்த்தால் மற்ற வாடிக்கை போகும். கடன் பாக்கி வசூலாகாது. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பது என்றால், அந்த நட்டத்தை அவர் ஒருவர் தலையில் கட்டாமல் நாம் பங்கிட்டுக்கொள்வதாகும். அவருக்கு மொத்த வியாபாரிகள் தவணையை நீட்டித் தர வேண்டும். சங்க நிர்வாகிகள் அவர் கடைக்கே சென்று நிற்க வேண்டும். தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் உடன் போக வேண்டும்.

மேடையில் சமத்துவம் பேசுவது எளிது. எல்லோருக்கும் ஒரே தராசு, ஒரே விலை, ஒரே வரிசை. காசைக் கையில் வாங்கி, சரக்கைக் கையில் கொடுப்பது. இவற்றை நம் கடைகளில் இன்றே நடைமுறையாக்குவோம்.