மரம் நிற்கிறது, பலகை ஏன் வரவில்லை?

ரப்பர் மரப் பலகைக்குத் தட்டுப்பாடு என்று மரச்சாமான் ஆலைகள் குரல் எழுப்புவது புதிதன்று. மழைக்காலம் வந்தால் அந்தக் குரல் எழும். பால் விலை ஏறினால் எழும். வெளிநாட்டார் கூடுதல் விலைக்குப் பலகை கேட்டாலும் எழும். ஒவ்வொரு முறையும் பழி ஒருவர் தலையிலேயே விழுகிறது. நாலு ஏக்கரும் ஐந்து ஏக்கரும் வைத்திருக்கிற சிறு தோட்டக்காரர் முதிர்ந்த மரத்தை வெட்டவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார், அவருக்கு மரத்தின் அருமை தெரியவில்லை என்கிறார்கள். இது நியாயமான பேச்சா என்பதை இன்று ஆராய்வோம்.

தொழிற்சங்கப் பத்திரிகைக்கு மர வியாபாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலேசியாவில் இன்று ரப்பர் பயிரான நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர் கையில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ரப்பரை விட்டுச் செம்பனைக்குப் போய் வெகுகாலமாகிறது. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்களில் சேமிப்பைப் போட்டுச் சிறு துண்டு நிலம் வாங்கியவர்கள் உண்டு. சொந்த நிலமில்லாமல், பிறர் மரத்தைப் பங்குக்கு வெட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. ஒரு காடு சாய்ந்தால் நிலத்துக்காரர் கையில் கொஞ்சம் பணம் வரும். பங்குக்கு வெட்டியவர் மறுநாள் காலையில் வேலைக்கு எங்கே போவது? ஆகவே இது ஆலைக்காரர் விவகாரம் மட்டுமன்று. நம் வீட்டு விவகாரமும் ஆகும்.

முதலில் மரத்தின் கதையைப் பார்ப்போம். ரப்பர் மரம் நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்து போகும். பிறகு சாய்த்து மறுநடவு செய்யவேண்டியதுதான். நம் பெற்றோர் காலத்தில் சாய்ந்த மரத்துக்கு மதிப்பே கிடையாது. புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகும். மிச்சத்தைக் காட்டிலேயே தீ வைத்துக் கொளுத்திவிடுவார்கள். காரணம், இந்த மரம் ஈரத்தோடு கிடந்தால் சில நாட்களிலேயே நீலம் பாய்ந்து கெட்டுவிடும், வண்டும் துளைக்கும். அறுத்த பலகைக்கு உடனே போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நிலைக்கும் என்பதைக் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் முதலான இடங்களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. 1980களில் ரப்பர் மரச்சாமான் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. விறகாய்ப் போனது வெள்ளியாய் மாறியது. அந்த வெள்ளி மரம் வளர்த்தவர் வீடுவரை வந்ததா என்பதுதான் கேள்வி.

மரம் ஏன் ஆலைக்கு வருவதில்லை? முதல் காரணத்தைப் பால்வெட்டும் எவரும் சொல்லிவிடுவார். ரப்பர் மரத்தைச் சாய்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பலகை விலையன்று, பால் விலைதான். 2011-இல் ரப்பர் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போயிற்று. கிழட்டு மரத்திலும் நாளொன்றுக்குக் காசு சொட்டும்போது அதை யார் வெட்டுவார்? விலை பின்னர் சரிந்தது. அப்போது சிலர் மரத்தைச் சாய்த்தார்கள். ஆனால் அந்த நிலத்தில் மறுபடி ரப்பர் நடவில்லை, செம்பனை நட்டார்கள். வேறு சிலர் வெட்டுவதையே நிறுத்திக் காட்டைப் புதர் மண்ட விட்டார்கள். ஆக, விலை ஏறினால் இன்றைய பலகை நின்றுபோகிறது. விலை இறங்கினால் முப்பது ஆண்டுக்குப் பிந்திய பலகை நின்றுபோகிறது. 1988-இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் விளைவித்த நாடு 2023-இல் நாலு லட்சம் டன்கூட விளைவிக்கவில்லை. பால் குறைந்த நாட்டில் பலகை மட்டும் எப்படிப் பெருகும்?

இரண்டாவது காரணம் அந்த ஆறேழு ஆண்டுப் பட்டினி. பெரிய கம்பெனி ஆயிரம் ஏக்கரில் ஒரு பகுதியைச் சாய்த்தால் மற்றப் பகுதி சோறு போடும். நாலு ஏக்கர்க்காரர் சாய்த்தால் அவருடைய அடுப்பே அணைகிறது. மறுநடவு உதவிக்கென 1952-இல் சட்டம் வந்தது. 1973-இல் ரிஸ்டா நிறுவப்பட்டது. அவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கன்றும் உரமும் நடவுச் செலவும் கிடைத்தாலும், கன்று மரமாகும்வரை குடும்பம் எதைத் தின்னும்? பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு எங்கே போவது? அறுபது வயதைத் தாண்டியவர், தாம் பால் பார்க்கப்போகாத கன்றை நடத் தயங்குகிறார். இதை அறியாமை என்பவர் அந்தக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தை ஒருநாள் புரட்டிப் பார்க்கட்டும்.

மூன்றாவது காரணம் நிலப் பட்டாவில் இருக்கிறது. தகப்பனார் இறந்து, நிலம் ஐந்து பிள்ளைகள் பெயரில் நிற்கும். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கிள்ளானில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. எல்லாருடைய சம்மதமும் கிடைக்காமல் மறுநடவு விண்ணப்பம் நகராது. நாலாவது காரணம் பாதை. நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்தால் களிமண் பாதையில் லோரி இறங்காது. ஒரு துண்டு நிலத்து மரத்துக்காக யந்திரத்தையும் ஆட்களையும் கொண்டுவருவது காண்டிராக்டருக்குக் கட்டுப்படியாவதில்லை. வெட்டிப் போட்ட கட்டையோ லோரிக்காகக் காத்திருக்காது. நாலு நாள் தாமதித்தால் நீலம் பாய்ந்துவிடும், விலை பாதியாகும்.

இனி விலைக்கு வருவோம். பல இடங்களில் நிலத்தைச் சுத்தம் செய்து கொடுப்பதே கூலி என்று சொல்லி மரத்தை இனாமாகவே எடுத்துப் போயிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை. எத்தனை டன் போயிற்று என்று விற்றவருக்குத் தெரியாது. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு ஆயிரம் வெள்ளி வீதம் நாலு ஏக்கர் மரத்தை ஒருவர் 4,000 வெள்ளிக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு இருபது டன் வீதம் எண்பது டன் போயிற்று. ஆலை வாசலில் டன் நூறு வெள்ளி என்றால் 8,000 வெள்ளி. வெட்டுக்கூலி, லோரிக்கூலி டன்னுக்கு முப்பது வீதம் 2,400 வெள்ளி கழித்தாலும் 5,600 வெள்ளி நிற்கிறது. நிறுத்து விற்காததால் 1,600 வெள்ளி கை மாறிப் போய்விட்டது. இடத்துக்கு இடம் விலையும் எடையும் மாறும். ஆனால் நிறுக்காமல் விற்பவன் நஷ்டப்படுவான் என்பது மாறாது. பால் நிறுக்கும் தராசில் ஒரு முள் தவறினாலும் கேள்வி கேட்கும் நாம், முப்பது ஆண்டு வளர்த்த மரத்தை மட்டும் கண்பார்வைக்கு விற்கலாமா?

அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்ற தடை பல ஆண்டுகள் இருந்தது. 2017 ஜூலையில் அரசாங்கம் அதை நீக்கியபோது மரச்சாமான் ஆலையினர் கடுமையாக எதிர்த்தனர். ஆலைகளில் வேலை செய்பவர்களும் தொழிலாளிகளே. அவர்கள் வேலை போவதை நாம் விரும்பவில்லை. ஆனால் ஏற்றுமதியைத் தடுத்து மலிவு விலையில் பலகை பெறுவோர், அந்த மலிவின் பாரம் யார் முதுகில் ஏறுகிறது என்பதையும் எண்ணவேண்டும். வளர்ப்பவருக்குக் கட்டாத விலையைக் கொடுத்துக்கொண்டே அவர் வளர்க்கவில்லை என்று குறைகூறுவது முறையன்று.

நம் கையிலுள்ள பொறுப்பையும் சொல்லிவிடுவோம். அடிமரமே நல்ல பலகை தரும் பகுதி. நாம் உளி போடுவதும் அங்கேதான். பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் பட்டால் பிறகு புடைத்து முடிச்சாகிறது. அறுக்கும்போது அந்தப் பலகை கழிவாகிறது. அவசர வெட்டு பாலுக்கும் கேடு, பலகைக்கும் கேடு. ஆனால் ஒருவர் ஒருநாளில் வெட்டவேண்டிய மரங்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போய், எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் நிதானமான வெட்டு எங்கிருந்து வரும்? நல்ல வெட்டுக்குத் தனிப் படி கொடுக்கும் நிர்வாகம் முப்பதாம் ஆண்டில் அதைப் பலகையாகத் திரும்பப் பெறும்.

இத்தனை தடைகளுக்கும் வழியே இல்லையா? உலகின் மறுகோடியில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டின் தென்பகுதியில் சோத்ரா என்ற பெயரில் காட்டுக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1938-இல் தொடங்கியது. இன்று அதில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் குடும்பக் காட்டுக்காரர்கள் அங்கத்தினர். அறுப்பாலைகளும் காகிதக்கூழ் ஆலைகளும் சங்கத்துக்கே சொந்தம். மரம் கொடுத்தவருக்கு விலையும் உண்டு. லாபம் வந்தால் கொடுத்த அளவுக்கேற்பப் பங்கும் உண்டு. 2005 ஜனவரியில் அங்கே பெரும் புயல் அடித்து ஒரே இரவில் சுமார் ஏழரைக் கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடவேண்டிய நிலை. கட்டைகளை மலைபோல் அடுக்கித் தண்ணீர் தெளித்துக் கெடாமல் காத்தார்கள். தனி ஒருவரால் ஆகக்கூடிய காரியமா அது? வாங்கும் ஆலையும் சேமிக்கும் களமும் கூட்டாகச் சேர்ந்தவர்களுக்கே வாய்க்கும்.

அங்கே பனிக்காடு, இங்கே ரப்பர் காடு; இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் கூட்டுறவு நமக்குப் புதிய பாடமன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கொடுத்த சேமிப்பால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்று நிலம் வாங்கக் கூடிய கைகள் இன்று மரம் விற்கக் கூடமாட்டாவா?

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விலை இறங்கும்போது சங்கத்தைத் தேடி ஓடிவருவதும், வெளியாள் டன்னுக்கு ஐந்து வெள்ளி கூடக் கொடுத்தால் சங்கத்தைக் கைவிட்டு ஓடுவதும் கூட்டுறவாகாது. இந்த மாதம் இத்தனை டன் தருவோம் என்று ஆலைக்குச் சொன்ன சொல்லை அங்கத்தினர் காப்பாற்றினால்தான், அடுத்த மாதம் விலை பேசும் பலம் சங்கத்துக்கு இருக்கும். அதுபோலச் சங்க நிர்வாகிகளும் எடைச்சீட்டையும் வரவு செலவையும் ஒளிவு மறைவின்றி அங்கத்தினர் முன் வைக்கவேண்டும். நம்பிக்கை போன இடத்துக்கு மரம் வராது.

கிராணிமார்களுக்கும் இதில் பெரிய பணி காத்திருக்கிறது. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் ரப்பரையும் மரத்தையும் சேர்த்தே பிடிக்கிறது. எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதற்கு இடக்குறிப்போடு ஆதாரம் கேட்கிறது. அமலுக்கு வரும் நாள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டாலும் இந்தக் கேள்வி இனி மறையப்போவதில்லை. பட்டாவும் வரைபடமும் எடைச்சீட்டும் சரியாக வைத்திருப்பவரின் மரம் விலைபோகும். மற்றவர் மரம் தரகரிடம் மலிவாகப் போகும். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணி, வாரத்தில் ஒரு மாலை நேரத்தைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் பத்திரங்களை ஒழுங்கு செய்யக் கொடுத்தால் அது பேருதவி.

நம் கோரிக்கைகள் இவை. மரம் டன் கணக்கில் நிறுத்து வாங்கப்படவேண்டும். எடைச்சீட்டின் நகல் விற்பவர் கையில் இருக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்து நிலத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து, ஒரே பருவத்தில், மழைக்கு முன் சாய்க்க அதிகாரிகள் உதவவேண்டும். கன்று மரமாகும் ஆண்டுகளுக்குக் குடும்பம் பிழைக்கத்தக்க உதவித்தொகை வேண்டும். அதில் பலகையால் லாபம் காணும் ஆலைகளும் பங்கேற்கவேண்டும். பாலும் பலகையும் ஒருசேரத் தரும் புதிய ரகக் கன்றுகள் நாலு ஏக்கர்க்காரருக்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும். காடு சாய்வதால் வேலையிழக்கும் பால்வெட்டுக்காரருக்கு அதே நிலத்தின் நடவு வேலையில் முதலுரிமை தரவேண்டும்.

அன்பர்களே! முப்பது ஆண்டு நீங்கள் சீவிய மரத்துக்கு விலை சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காண்டிராக்டர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பக்கத்து நிலத்தாரைக் கூப்பிடுங்கள்; சங்கக் கிளையில் விசாரியுங்கள்; எடைக்குத்தான் தருவோம் என்று சேர்ந்து சொல்லுங்கள். பலகை தானாகவே ஆலைக்குப் போய்ச் சேரும்.