வீட்டுக்கு ஓர் ஆயுர்வேத நூல்

முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் செல்கிறோம். அங்கே சுக்கும் மிளகும் திப்பிலியும் கண்ணிற்பட்டதும் ஊரிலுள்ள பாட்டியாரை நினைத்துக்கொள்கிறோம். அவர் அருகில் இல்லாத தில்லி இல்லங்களில் அவரிடத்தைப் புத்தகமே நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆயுர்வேதத்தைப் புதிதாக அறிய விரும்புவோர் எத்தகைய நூலை வாங்குவது?

நோய்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து கூறும் நூல் முதலில் வேண்டா. அன்றாட ஒழுக்கத்தையும் பருவ ஒழுக்கத்தையும் விளக்கும் நூலே நன்று. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இவற்றை 2, 3ஆம் அத்தியாயங்களிலேயே கூறிவிடுகிறது. முன்பனிக் காலத்தில் பசி மிகும். எண்ணெய் தேய்த்துக்கொள்வதும், வெந்நீரும், கோதுமை, உளுந்துப் பண்டங்களும் ஏற்றவை என்பது அதன் கருத்து. சென்னையில் படித்தால் இது ஏட்டுச் சுரைக்காய்! தில்லி மார்கழியில் தோல் வெடிக்கும்போதன்றோ பொருள் விளங்குகிறது?

மற்றொன்றும் பார்த்தல் வேண்டும். கைவைத்தியத்தை எங்கே நிறுத்துவது என்று நூல் சொல்கிறதா? கைக்குழந்தையின் காய்ச்சலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் கஷாயம் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. பாதரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையிலேயே உண்ண வேண்டுமென்று மருந்துப் புட்டியில் எச்சரிக்கை இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அவற்றைத் தாமே உண்ணச் சொல்லும் நூலை அக்கணமே மூடிவிடுக.

“இனி டாக்டரிடம் தூக்கிச் செல்” என்று சொல்ல வேண்டிய வேளையைப் பாட்டியார் அறிந்திருந்தார். அதை அறிந்த நூலையே நம் இல்லத்துக்குக் கொணர்வோம்.