மேகத்தில் இடம் இல்லை!

"இடம் இல்லை. பிறகு வாருங்கள்."

பஸ்சிலும் சினிமாக் கொட்டகையிலும் கேட்ட இந்தப் பேச்சு, இப்போது கம்ப்யூட்டர் திரையிலும் வருகிறது. அங்கே அது இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. "ஒதுக்கீடு தோல்வி" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்!

"கிளவுட்" என்றால் மேகம். ஆனால் இது வானத்து மேகம் அல்ல. பெரிய பெரிய கட்டிடங்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் போன்ற கம்பெனிகள் இவற்றை வாடகைக்கு விடுகின்றன. அமேசான் 2006-ம் ஆண்டில் இந்த வாடகைத் தொழிலைத் தொடங்கியது.

ஒரே வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பது உண்டு அல்லவா? அதுபோல ஒரு கம்ப்யூட்டரைப் பல பங்காக்கி, பலருக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பங்கும் தனிக் கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும். இதற்கு "வெர்ச்சுவல் மெஷின்" என்று பெயர்.

இரவில் வேலை இல்லை என்று அதை நிறுத்தி வைக்கிறார் ஒருவர். வாடகை மிச்சம். ஆனால் அவருடைய இடம் அடுத்தவருக்குப் போய்விடலாம். காலையில் கேட்டால், "இடம் இல்லை" என்று பதில்! சாமான்கள் பத்திரமாக இருக்கும். குடியிருக்கத்தான் இடம் இராது. அன்று முடிக்க வேண்டிய வேலைக்கு ஒரு சிறு கம்பெனி தன் வாடிக்கையாளரிடம் என்ன பதில் சொல்லும்?

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "என் அளவை உயர்த்துங்கள்" என்று மனுப் போடுகிறார்கள். அளவு என்பது ரேஷன் அட்டை மாதிரி. அட்டையில் 20 கிலோ என்று இருக்கலாம். கடையில் அரிசி இல்லை என்றால் அட்டை என்ன செய்யும்? திரையில் வந்தது அட்டைக் குறையா, சரக்குக் குறையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சரக்குக் குறை என்றால் சில நிமிடம் பொறுத்து மறுபடி கேட்கலாம். வேறு அளவுள்ள மெஷினைக் கேட்கலாம். பத்து மெஷினை ஒரே தடவையில் கேட்காமல், இரண்டு இரண்டாகக் கேட்கலாம். "இந்தக் கட்டிடத்தில்தான் வேண்டும்" என்ற பிடிவாதத்தை விட்டால், பெரும்பாலும் கிடைத்துவிடும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தே வேலை. மைக்ரோசாப்டின் "டீம்ஸ்" சேவையை ஒரே நாளில் 4 கோடியே 40 லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். மருத்துவம், அவசர உதவி, அரசின் முக்கியப் பணிகளுக்கே முதல் இடம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. இலவசச் சலுகைகளைக் குறைத்தது. அது நியாயமான முடிவு.

மற்ற நாளில் முதல் இடம் யாருக்கு? முன்கூட்டியே இடத்தைப் பிடித்து வைப்பவருக்கு! பயன்படுத்தாத நேரத்துக்கும் அவர் வாடகை கொடுக்க வேண்டும். பெரிய முதலாளிக்கு அது முடியும். நாலு பேர் வேலை பார்க்கும் கடைக்கு முடியுமா?

அமேசான் தன் சேவைக்கு வைத்த பெயரிலேயே "எலாஸ்டிக்" என்ற சொல் இருக்கிறது. வேண்டிய மட்டும் நீளும் என்று பொருள். கட்டிடத்துக்குச் சுவர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வாடகை வாங்கும்போது விநாடிக் கணக்குப் பார்க்கும் கம்பெனிகள், இடம் எப்போது காலியாகும் என்று ஓரளவாவது முன்னதாகச் சொல்லக் கூடாதா?