எத்தனை புரொசசர் எண்டு மட்டும் எண்ணாதீங்க

"ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு சூப்பர் கொம்பியூட்டர் எதுக்கு?" எண்டு கேக்கிறவங்களுக்கு முதல் ஒண்டு சொல்லுறம். 2004 மார்கழி 26இல் கடல் எங்கட கரைக்குத்தான் ஏறி வந்தது. இனி வரப்போற புயல் எந்தப் பக்கம் எண்டு கணிக்கிறதும் அந்த மெஷின்தான். பேச எங்களுக்கும் உரிமை இருக்கு.

புதுசா ஒரு மெஷின் வந்தால், எத்தனை லட்சம் புரொசசர் எண்டுதான் செய்தி. அதுகள் ஒண்டோடொண்டு எவ்வளவு பேசவேண்டியிருக்கு எண்டு ஆரும் கேக்கிறதில்லை. கட்டைபறிச்சான் ஆக்களுக்கு இது விளங்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முந்தி, ஒரு கையெழுத்துக்காகத் திருகோணமலைக் கச்சேரிக்குப் போய்வந்த கதையை எங்கட அம்மாமார் இப்பவும் சொல்லுவாங்க. கையெழுத்துக்கு ஒரு நிமிசம், மூதூர் லோஞ்சுக்கு ஒரு பகல். புரொசசரும் அப்பிடித்தான். கூட்டிப் பெருக்கிறதை விட, இன்னொண்டிட்ட இருந்து ஒரு எண்ணை வாங்கத்தான் நேரமும் மின்சாரமும் பல மடங்கு போகும்.

வானிலைக் கணிப்பில வரைபடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொண்டு குடுப்பாங்க. ஒவ்வொரு படியிலயும் பக்கத்துத் துண்டின் ஓரப் புள்ளிகள் வரவேணும். 10,000 புள்ளியை நூறுக்கு நூறு சதுரமா வெட்டினால் சுத்திவர 400 புள்ளி வாங்கினால் போதும். பத்துக்கு ஆயிரம் எண்டு நாடாவா வெட்டினால் 2,020. கணக்கு அதேதான், அலைச்சல் ஐஞ்சு மடங்கு. (வயலுக்கு வரம்பு கட்டினவரிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பார்.)

இன்னொரு வழியும் இருக்கு. அடுத்த துண்டின் ஓரத்தை மூண்டு வரிசைத் தடிப்பா ஒரேதரம் வாங்கி, ஓரக் கணக்கை ரெண்டு பக்கமும் தனித்தனியா செய்யிறது. ஒரே வேலையை ரெண்டுபேர் செய்யிறது வீண் மாதிரித் தெரியும். ஆனா மூண்டு படிக்கு ஒருக்காப் பேசினால் காணும். அணிப் பெருக்கலுக்கு எட்கர் சொலமோனிக்கும் ஜேம்ஸ் டெம்மலும் 2011இல் காட்டினதும் கிட்டத்தட்ட இந்தப் புத்திதான்: நினைவகம் மிச்சமிருந்தால் பிரதிகளை வை, போக்குவரத்தைக் குறை.

"இணைப்பு வேகத்தைக் கூட்டினால் சரிதானே?" எண்டு கேப்பாங்க. கூட்டலாம். ஆனா ஒவ்வொரு செய்திக்கும் புறப்பட்டுப் போய்ச் சேருற தாமதம் அவ்வளவு லேசில குறையாது. பாலம் வந்த பிறகும் கையெழுத்துக்குப் போய்வர அரை நாள் போகுது. அந்தப் பயணமே தேவைப்படாமல் செய்யிற ஆக்களின்ர பேரைத்தான் நாங்க தலைப்புச் செய்தியில பாக்க விரும்புறம்.