கதிரை அளக்கும் படிப்பு

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் பேராக்கில் பல இந்தியர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, பிள்ளை டாக்டராகுமா என்பதுதான். சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறைக்கு மருத்துவமனையில் தெரிந்த பெரிய வேலை அது ஒன்றே. அதில் தவறில்லை. ஆனால், இயற்பியலில் சிறந்து விளங்கும் மாணவருக்கும் அதே மருத்துவமனையில் ஓர் இடம் உண்டு. அதை எடுத்துச் சொல்வோர்தாம் குறைவு.

புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவை என்று முடிவெடுப்பவர் மருத்துவர். அந்தக் கதிர் கட்டியின்மீது எந்தக் கோணத்தில், எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். பல சிகிச்சைகளில் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்களுக்குக் கதிர் செலுத்தப்படுகிறது. அளவு குறைந்தால் கட்டி மீண்டும் வளரும்; மிகுந்தால் நல்ல திசுவும் சிதையும். ஆகவேதான், நீர்த்தொட்டிக்குள் அளவுமானியை இறக்கி, இயந்திரத்தின் கதிரை முன்கூட்டியே அளந்து பார்க்கின்றனர். மனித உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் இந்த ஏற்பாடு.

கதிர்வீச்சை அளப்பதன் அருமையை ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேரா நன்கு அறியும். ஈய லம்பங்களின் கழிவு மணலில் கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலை 1982இல் அங்கு இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் கதிரியக்கமுள்ள தோரியம் இருந்தது. 1985இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். கதிரை அளக்கவும் சாட்சி சொல்லவும் வெளிநாட்டு வல்லுநர்கள் வர வேண்டியிருந்தது. ஈப்போ உயர்நீதிமன்றம் 1992இல் ஆலையை மூட ஆணையிட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1994இல் ஆலை மூடப்பட்டது. இது மருத்துவமனை விவகாரம் அன்று. எனினும், அளவுமானி காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர் உள்ளூரிலேயே இருப்பது எத்தகைய பலம் என்பதை அது உணர்த்தியது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1990களிலிருந்தே மருத்துவ இயற்பியலில் முதுகலைப் படிப்பை நடத்தி வருகிறது. இயற்பியல் பட்டதாரிகள் அதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது பட்டம் என்றால் சம்பாத்தியம் தள்ளிப்போகும். தோட்டத்தைவிட்டு வந்து வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அது சுமைதான். பணியிடங்களும் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் ஏராளமாக இல்லை. இவற்றை மறைத்து மாணவரை ஊக்குவிப்பது முறையன்று. ஆயினும், நான்காம் படிவத்தில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுக்கும்போதே அவர்களிடம் இத்துறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல், மனமில்லாத வேறொன்றில் சேர்ந்த பிறகு சொல்வதில் பயனில்லை.