இசாருக்கு மியூனிக் திருப்பிக் கொடுத்த அகலம்

மியூனிக் நகரின் தெற்கே ஃப்ளௌகர் என்ற இசார் ஆற்றங்கரை. கோடை மாலையில் இறங்கி நின்றால் காலடியில் வெள்ளைக் கூழாங்கற்கள், அவற்றின் மேல் வெளிர்பச்சையாகத் தண்ணீர். ஆகஸ்டிலும் கால் விறைத்துப்போகும். பார்ப்பவர்கள் இதை யார் கையும் படாத ஆறு என்றே நினைப்பார்கள். உண்மையில் இது பொறியாளர்கள் கணக்குப் போட்டு அமைத்த கரை. அழகுக்காகச் செய்தார்கள் என்று பலரும் எழுதுவதும் பாதிதான் சரி. முதல் காரணம் வெள்ளம்.

இசார் ஆஸ்திரியாவின் கார்வெண்டல் மலையில் பிறந்து, 290 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி டான்யூபில் கலக்கிறது. மலையில் மழை கொட்டினால் சீக்கிரமே பொங்கிவிடும். உப்பு வண்டிகள் இந்த ஆற்றைக் கடக்க ஒரு பாலம் இருந்ததால்தான் 1158-இல் மியூனிக் வரலாற்றில் தலைகாட்டுகிறது. ஆனால், பாலங்களை ஆறு சும்மா விடவில்லை. 1813-இல் வெள்ளத்தை வேடிக்கை பார்க்கக் கூடியவர்களோடு பாலம் சரிந்து, நூறு பேரளவில் மாண்டார்கள். 1899-இல் இரண்டு பாலங்கள் போயின.

பயந்த நகரம் ஆற்றை நேராக்கி, கரைகட்டி இறுக்கியது. 1924-இல் வால்கென்சே மின்நிலையத்துக்காக மேலேயே தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். நகருக்குள் மின்னுற்பத்திக்கான வாய்க்கால் ஓடியது, ஆற்றுப் படுகை மெலிந்தது.

இங்கேதான் ஒரு விஷயம் புரிய வேண்டும். கரையை நெருக்கினால் தண்ணீர் குறைவதில்லை. உயரமும் வேகமும்தான் கூடும், படுகையையும் அரிக்கும். அதே வெள்ளத்துக்கு இடம் கொடுத்தால் மட்டம் தணியும். 2000 முதல் 2011 வரை, 8 கிலோமீட்டருக்கு, சுமார் 3.5 கோடி யூரோ செலவில் இதைத்தான் செய்தார்கள். கான்கிரீட் சரிவுகளைப் பெயர்த்து, 50 மீட்டர் படுகையைச் சில இடங்களில் 90 மீட்டர்வரை விரித்தார்கள். கரைமேட்டில் நின்ற பழைய மரங்களை வெட்ட மனமில்லாமல், மேட்டுக்குள்ளேயே சுவரிறக்கிப் பலப்படுத்தினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை அதுதான். மேலேயுள்ள ஊர்களின் கழிவுநீர் நிலையங்களில் புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கியதால், கோடையில் குளிக்கவும் முடிகிறது.

அகலம் மட்டுமே நகரைக் காக்கும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. 2005 ஆகஸ்டில், பணி பாதியில் இருந்தபோதே பெருவெள்ளம் வந்தது. அன்று பெருஞ்சுமையை மலையடிவாரத்தில் தாங்கியது 1959-இல் முடிந்த சில்வென்ஸ்டைன் அணை. அந்த அணைக்கும் ஒரு விலை உண்டு. ஆறு உருட்டிவரும் கற்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. கற்கள் வராவிட்டால் கீழே படுகை ஆழமாகிக்கொண்டே போகும், ஆகவே அவற்றை மனிதர்கள்தான் அள்ளிக் கீழே சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஃப்ளௌகரிலிருந்து வடக்கே நடந்து மியூசியம் தீவை எட்டினால் கூழாங்கல் திட்டுகள் முடிந்துவிடுகின்றன. அங்கே வீடுகளும் சாலைகளும் ஆற்றை ஒட்டியே நிற்கின்றன. கரை மறுபடி கற்சுவராகிறது.